வால்வு கூவட்டும்

நேற்று எங்கள் கம்பெனியில் பாய்லர் டெஸ்ட். எங்கள் கம்பெனி என்று சும்மா சொல்கிறேன். நான் வாசலில் உட்காருகிற செக்யூரிட்டி. வில்லியனூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற, அட்டைப் பெட்டி செய்கிற இடம். அட்டை ஒட்டுவதற்கு ஆவி வேண்டும். அதற்காகப் பின்பக்கம் ஒரு பாய்லர். எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கேட்டைத் திறப்பேன், மூடுவேன். வேலை அவ்வளவுதான்.

டெஸ்ட் பண்ண வந்தவர் சின்ன வயசு. தோளில் ஒரு பை. கேட்டை விட்டு நான் நகரக் கூடாது. நகர்ந்தேன். போய்ப் பார்த்தேன். இரும்பின் மேல் பசை போல எதையோ தடவி, செல்போன் மாதிரி ஒன்றிலிருந்து வருகிற குமிழை அதன் மேல் வைக்கிறார். தகடு எத்தனை கனம் என்று எண் வந்துவிடுகிறது. நல்ல விஷயம். தகட்டைச் சுத்தியலால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்ட காலத்தை விட இது மேல். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை.

ஆனால் பாய்லரின் மேன்ஹோல் மூடியை அவர்கள் கழற்றி வைத்திருந்தார்கள். ஆள் நுழைகிற ஓட்டை அது. அதற்குள்ளிருந்து ஈர இரும்பு வாசனை வந்தது. நாக்கில் செப்புக் காசை வைத்த மாதிரி இருக்கும். அதை மூக்கில் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தவனுக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தேன். எழுந்தேன். ரோடு வரைக்கும் போய்விட்டுத் திரும்பினேன்.

"இன்னா தாத்தா, வயிறு சரியில்லயா?" என்று லோடு ஏற்ற வந்த டிரைவர் கேட்டான்.

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அதுதான் சுலபம்.

சாயந்திரம் அந்தத் தம்பி கிளம்பும்போது கேட்டை உடனே திறக்காமல் கேட்டேன். "தம்பி, கூவிச்சா?"

"எது தாத்தா?"

"வால்வு."

சிரித்தார். "பாத்தாச்சு தாத்தா. எல்லாம் ஓகே."

இப்போதெல்லாம் நெருப்பு மூட்டாமலே, வால்வைத் தனியாகக் கழற்றிக் காற்று ஏற்றிப் பார்த்துவிடுகிறார்கள். பார்த்திருப்பார். நம்புகிறேன். இந்தக் காலத்தில் வால்வின் வாயில் குழாய் மாட்டி, கூரைக்கு மேலே கொண்டுபோய், நுனியில் சத்தம் அடங்க ஒரு டப்பா வைத்துவிடுகிறார்கள். கூவினாலும் வாசலுக்குக் கேட்காது. கேட்காததுதான் என்னை உட்கார விடவில்லை.

பாய்லர் பக்கம் போகாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாய்லர் என்றால் ஒரு பெரிய மூடிய அண்டா. உள்ளே தண்ணீர். கீழே நெருப்பு. ஆவி போக வழியில்லாமல் உள்ளேயே இறுகும். எவ்வளவு இறுகியிருக்கிறது என்று ஒரு முள் காட்டும். முள் போகக்கூடிய கடைசி இடத்தில் சிவப்புக் கோடு போட்டிருக்கும். அந்தக் கோட்டுக்கு வந்ததும் அண்டாவின் தலையில் இருக்கிற சேஃப்டி வால்வு தானாகத் திறந்து ஆவியைத் துப்பும். அப்போது போடுகிற சத்தத்தைத்தான் மில்லில் கூவுறது என்போம். கூவ வேண்டிய நேரத்தில் கூவாவிட்டால் அண்டா வெடிக்கும். இவ்வளவு தெரிந்தால் போதும். எனக்கும் முதலில் இவ்வளவுதான் தெரியும்.

அப்போது நான் செலியமேட்டுப் பக்கம் ஒரு புழுங்கலரிசி மில்லில் பாய்லர் ஆள். பள்ளிக்கூடம் எனக்கு ஒத்துவரவில்லை. நெருப்பு ஒத்துவந்தது. நெல்லைத் தொட்டியில் ஊறப்போட்டு, அதற்கு ஆவி கொடுத்து அவித்து, களத்தில் காயவைத்து, பிறகு அரைப்பார்கள். நெல்லின் உமியே நெருப்புக்கு. கூடை கூடையாகத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். உமி சட்டென்று எரிந்து சட்டென்று அடங்கும். விறகு மாதிரி உட்கார விடாது. உமியைப் பார்க்க வேண்டும், முள்ளைப் பார்க்க வேண்டும், தண்ணீர் மட்டம் காட்டுகிற கண்ணாடிக் குழாயைப் பார்க்க வேண்டும். ஒன்றைப் பார்க்கும்போது மற்றது என்ன ஆயிற்றோ என்று இருக்கும்.

அந்தப் பழக்கம் உடம்பில் தங்கிவிட்டது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் நடுவில் எழுந்துபோய் சாம்பார் அண்டாவை எட்டிப் பார்த்துவிட்டு வருவேன். "ஒக்காந்து துன்னுய்யா. அது வெடிக்காது" என்பாள் என் மனைவி. சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் பார்த்துவிட்டுத்தான் வருவேன்.

ஊறின நெல்லின் நாற்றத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். புளித்த கஞ்சி, சாக்கடை, கொஞ்சம் சாராயம், எல்லாம் சேர்ந்த மாதிரி. குளித்தாலும் போகாது. பாகூரிலிருந்து பஸ் ஏறினால் எனக்குப் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். சௌகரியம்தான். காலை நீட்டிக்கொண்டு வருவேன். எனக்குப் பெண் பார்த்தபோது மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று பெண் வீட்டில் கேட்கவே இல்லை. மூக்கே சொல்லிவிட்டது.

வருஷத்துக்கு ஒரு தடவை டெஸ்ட் வரும். அறுப்பு ஓய்ந்த நாட்களில் பாய்லரை ஆறப்போட்டு, மேன்ஹோல் வழியாக நான் உள்ளே இறங்குவேன். தண்ணீரின் உப்பு தகட்டில் பாறை மாதிரி படிந்திருக்கும். கொத்தி எடுப்பேன். கொத்துகிற சத்தம் அந்த இரும்பு வயிற்றுக்குள் சுற்றிச் சுற்றி வந்து காதில் அறையும். வெளியே வந்தால் ஊரே மெதுவாகப் பேசுகிற மாதிரி இருக்கும். அப்புறம் புதுச்சேரியிலிருந்து இன்ஸ்பெக்டர் வருவார். நல்ல மனிதர். இஸ்திரி போட்ட சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு அவரும் உள்ளே இறங்குவார். அடுத்த நாள் தண்ணீர் டெஸ்ட். கழுத்து வரைக்கும் தண்ணீர் நிரப்பி, கைப்பம்பால் அடித்து, முள்ளைச் சிவப்புக் கோட்டுக்கும் மேலே ஏற்றி நிறுத்துவார்கள். தண்ணீர் வெடிக்காது, ஒழுகத்தான் செய்யும். அதனால் பயமில்லை. முள் இறங்காமல் நின்றால், மூட்டு எதுவும் வேர்க்காமல் இருந்தால் பாஸ். அதற்கும் அடுத்த நாள் நெருப்பு மூட்டி ஆவி டெஸ்ட். வால்வு சரியாகக் கோட்டில் கூவுகிறதா என்று இன்ஸ்பெக்டர் நின்று பார்ப்பார்.

எங்கள் முதலாளி நெல்லும் கரும்பும் நிறைய வைத்திருந்தவர். கெட்டவர் இல்லை. அவசரக்காரர். எதையும் அலங்காரம் செய்தால் சரியாகிவிடும் என்று நினைப்பவர். ஒரு வருஷம் இன்ஸ்பெக்டர் வருவதற்கு முன்னால் பாய்லர் முழுக்க வெள்ளிப் பெயிண்ட் அடித்துவிட்டார். பளபளவென்று நின்றது. இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார். "நான் இன்னா பொண்ணு பாக்கவா வந்திருக்கேன்?" என்றார். பெயிண்ட்டுக்கு அடியில் வெடிப்பு இருந்தால் எப்படித் தெரியும்? அத்தனையும் சுரண்டி எடுக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். சுரண்டினது நான். நகக்கண்ணில் ரொம்ப நாளைக்கு வெள்ளி மின்னியது.

பெயிண்ட் நின்றது. பூஜை நிற்கவில்லை. தண்ணீர் டெஸ்ட் பாஸ் ஆன சாயந்திரம் முதலாளி ஏணி வைத்து மேலே ஏறி, வால்வுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, மஞ்சள் துணி சுற்றி, மாலை போடுவார். மறுநாள் ஆவி ஏறி வால்வு கூவும்போது துணியும் மாலையும் பிய்த்துக்கொண்டு கூரை வரைக்கும் பறக்கும். களத்துப் பெண்கள் குலவை போடுவார்கள். பூ எல்லார் தலையிலும் விழும். அந்த வருஷம் மில்லுக்கு நல்லது என்று அர்த்தம். அதுவரைக்கும் துணியை யாரும் தொடக் கூடாது. யார் தொடங்கி வைத்தார்கள் என்று தெரியாது. பார்க்க நன்றாக இருக்கும். நானே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பேன்.

பாக்கியம் மட்டும் குலவை போட மாட்டாள். அவள் அப்போது கேட்டுக்கு வெளியே நிற்பாள்.

பாக்கியம் களத்தில் நெல் துழாவுகிறவள். என்னை விடப் பெரியவள், அக்கா என்று கூப்பிடுவேன். எங்கள் மில்லுக்கு வருவதற்கு முன் வேறு ஊரில் ஒரு மில்லில் இருந்தாள். அங்கே பாய்லர் வெடித்தது. அவள் கூடப்பிறந்தவள் களத்தில் இருந்தாள். அவ்வளவுதான் சொல்லியிருக்கிறாள். நான் மேலே கேட்டதில்லை.

எங்களிடம் வேலைக்கு வந்த முதல் நாளே அவள் கேட்டில் நின்றாள். "வால்வு கூவட்டும். வரேன்" என்றாள். வால்வில் ஒரு கைப்பிடி உண்டு. அதிலிருந்து கீழே சங்கிலி தொங்கும். ஆவி ஏறினபின் சங்கிலியை இழுத்தால் கோட்டுக்கு வராமலே ஒரு தடவை கூவும், ஒட்டிக்கொள்ளவில்லை என்று தெரியும். தினமும் காலையில் அதை இழுக்க வேண்டும் என்பதுதான் முறை. இழுப்பேன். கூவும். பாக்கியம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே வருவாள். ஒரு நாளும் அதற்கு முன்னால் வந்ததில்லை. மழையிலும் நின்றாள்.

மற்றப் பெண்கள் கிண்டல் செய்வார்கள். "இன்னாக்கா, ஒன் வூட்டுக்காரரு கூப்புட்டாத்தான் வருவியா?"

"அந்தாளு கூப்புட்டு நான் எப்போடி போயிருக்கேன்?" என்பாள்.

கிண்டல் செய்தவர்களும் மெதுவாக அவள் பின்னால் நிற்க ஆரம்பித்தார்கள். வெற்றிலை போட ஒரு சாக்கு. பேச ஒரு சாக்கு. முதலாளிக்கு எரிச்சல். ஆனால் ஒருத்தியை விரட்டலாம், களத்தையே விரட்ட முடியாது.

இனி அந்த வருஷத்துக்கு வருகிறேன்.

தண்ணீர் டெஸ்ட்டில் முள்ளைக் கோட்டுக்கு மேலே ஏற்ற வேண்டும் என்று சொன்னேன். வால்வு சும்மா இருந்தால் கோட்டிலேயே திறந்துகொள்ளும். அதனால் டெஸ்ட் நேரத்துக்கு மட்டும் வால்வை அழுத்தி ஓர் இரும்புப் பட்டை போட்டு முடுக்குவார்கள். எங்கள் வால்வு பழைய மாதிரி, இரட்டைத் தலை. இரண்டு தலைக்கும் குறுக்கே ஒரே பட்டை. டெஸ்ட் முடிந்ததும் முதல் வேலை அதைக் கழற்றுவது. மில்லில் இயந்திரங்களைக் கழற்றி மாட்டுகிற பிட்டரின் வேலை அது.

பிட்டர் செல்லிப்பட்டுக்காரன். கைநேர்த்தி உள்ளவன், கால் நிற்காது. அன்றைக்கு அவன் ஊரில் மச்சினி பிள்ளைக்குக் காது குத்து. முள் நின்றது. இன்ஸ்பெக்டர் பாஸ் சொல்லிவிட்டு, நாளைக்குக் காலையில் ஆவி டெஸ்ட்டுக்கு வருகிறேன் என்று கிளம்பினார். நான் கீழே பின்பக்கம் கூடுதல் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தேன். பிட்டர் பம்பைக் கழற்றினான். கேட்டில் அவன் மச்சான் வண்டியில் வந்து ஆரனை அடித்தான். போய்விட்டான்.

முதலாளி சந்தனக் கிண்ணத்தோடு ஏணியில் ஏறினார். பட்டையைப் பார்த்தார். போன வருஷம் இது இல்லையே என்று நினைத்தாராம். சரி, கவர்மெண்டு புதுசாகப் போட்டிருக்கும் என்று அதற்கும் சேர்த்துச் சந்தனம் வைத்தார். நடுவில் பெரிய குங்குமப் பொட்டு. மேலே மஞ்சள் துணி சுற்றி, மாலையைப் போட்டார். கீழே இருந்து பார்த்த எனக்கு எல்லா வருஷமும் போலத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் நெருப்பு மூட்டினேன். இன்ஸ்பெக்டர் வரும்போது ஆவி தயாராக இருக்க வேண்டும். அவர் பார்த்துவிட்டுப் போனதும் அவிக்கலாம் என்று முதலாளி தொட்டியில் நெல்லை ஊறப்போட்டிருந்தார். அது நாற்றம் எடுத்து நுரைத்துக்கொண்டிருந்தது. பெண்கள் கேட்டில் வந்து நின்றார்கள். முன்னால் பாக்கியம்.

முள் ஏறியது. சங்கிலியை இழுத்தேன். கல் மாதிரி நின்றது.

"துணி சுத்தியிருக்குதில்ல, அதுல சிக்கியிருக்கும்" என்றார் முதலாளி. "கோட்டுக்கு வந்தா தானா கூவும். பிச்சிகினு பறக்கும் பாரு."

இருக்கலாம். போன வருஷமும் சங்கிலி கொஞ்சம் சிக்கத்தான் செய்தது. ஆனால் உமி தள்ளுவதை நிறுத்திவிட்டேன். உமி அடங்குவதற்குள் முள் கோட்டைத் தொட்டது. நான் வால்வைப் பார்த்தேன். துணி அசையவில்லை. மாலையில் ஒரு பூ கூட ஆடவில்லை. பொதுவாக அந்த நேரத்தில் ஒரு சின்னச் சீறல் முன்னால் வரும். அதுவும் இல்லை. பாய்லர் ரொம்ப அமைதியாக இருந்தது.

கேட்டிலிருந்து பாக்கியம் கத்தினாள். "தம்பி! முள்ளு எங்க நிக்கிது?"

"கோட்டத் தாண்டுதுக்கா."

"தாண்டியுமா கூவல?"

இல்லை என்று கையை ஆட்டினேன்.

அவள் திரும்பினாள். "வாங்கடி. ரோட்டுக்கு அந்தாண்ட. ஓடுங்கடி."

"ஏய், எங்க போறீங்க? நெல்லு வீணாப் போவுது!" முதலாளி கேட்டுப் பக்கம் ஓடினார்.

"நெல்லு போனா வேற நெல்லு வரும் மொதலாளி. நீங்களும் வாங்க." சொல்லிக்கொண்டே ஒருத்தியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ரோட்டைத் தாண்டி கரும்புக் கொல்லைக்குள் எல்லாரும் இறங்கினார்கள்.

நானும் போயிருக்கலாம். கால் அந்தப் பக்கம்தான் இழுத்தது. போனால் உள்ளே கனல்கிற நெருப்பை யார் இழுப்பது? கொக்கியை எடுத்தேன். உலையின் கதவைத் திறந்து உமி நெருப்பை வாரி வாரித் தரையில் போட்டேன். காலைச் சுற்றிப் புகை. ஆவி போகிற குழாயைத் திறந்துவிட்டேன். காலியாக நின்ற அவிக்கிற அண்டாக்களுக்குள் அது பாய்ந்து அலறியது. பிறகு முள்ளைப் பார்த்தேன். நின்றது. நின்றுகொண்டே இருந்தது. அதைப் பார்த்தது போல நான் எதையும் பார்த்ததில்லை, என் பிள்ளை பிறந்தபோது கூட.

அப்புறம் நடுங்கியது. இறங்க ஆரம்பித்தது.

முள் நன்றாக இறங்கின பிறகு ஏணியில் ஏறி மஞ்சள் துணியை அவிழ்த்தேன். "தொடாதடா, சாமி காரியம்" என்றார் முதலாளி கீழேயிருந்து. குரலில் பலமில்லை. துணியையும் மாலையையும் அவர் கையில் போட்டேன். உள்ளே பட்டை, முடுக்கினது முடுக்கினபடி. நடுவில் பொட்டு. சூட்டில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்டரின் ஜீப் வந்தது. கீழே நெருப்பு சிதறிக் கிடக்கிறது. ஊர்ப் பெண்கள் கரும்புக் கொல்லையிலிருந்து தலையை நீட்டிப் பார்க்கிறார்கள். முதலாளி மாலையும் கையுமாக நிற்கிறார். மாலை தனக்குத்தான் என்று இன்ஸ்பெக்டர் ஒரு கணம் நினைத்திருக்க வேண்டும். அப்புறம் அண்ணாந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி, ரொம்ப மெதுவாகக் கேட்டார். "பட்டைக்குப் பொட்டு வெச்சது யாரு?"

முதலாளியின் விரலில் குங்குமம் இன்னும் இருந்தது.

முள் கோட்டைத் தாண்டியதால் பாய்லரைத் திரும்பவும் ஆறப்போட்டு, திறந்து, தட்டி, எல்லாம் முதலிலிருந்து. இன்ஸ்பெக்டர் இந்தத் தடவை பட்டையைத் தன் கண் முன்னால் கழற்ற வைத்து, தன் ஜீப்பிலேயே போட்டுக்கொண்டு போனார். பிட்டர் வந்து என் எதிரில் நின்றான். திட்டுவேன் என்று நினைத்தான். "காது குத்து நல்லா நடந்துச்சா?" என்று கேட்டேன். அழுதுவிட்டான். ஊறின நெல் வீணாகி, அதைக் கொட்டின இடத்தில் வாத்துகள் வந்து மேய்ந்தன.

ஆவி டெஸ்ட் அன்று துணி இல்லை, மாலை இல்லை. முள் கோட்டைத் தொட்டது. வால்வு கூவியது. கூவியது என்றால் சாதாரணக் கூவல் இல்லை. பாகூர் ஏரிக்கரையில் கொக்கு எழுந்து பறந்ததாகச் சொன்னார்கள். நான் நம்பினேன். முதலாளி கேட் வரைக்கும் போய், "வா பாக்கியம்" என்றார். அதுவரைக்கும் அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

"கூவிடுச்சில்ல மொதலாளி. நீங்க கூப்புடாங்காட்டியும் வருவேன்" என்று சொல்லிவிட்டு, புடவையைச் செருகிக்கொண்டு உள்ளே வந்தாள்.

பாக்கியம் இப்போது இல்லை. சர்க்கரை. காலில் புண். வீட்டில், படுக்கையில் போனாள். மில்லும் இல்லை. முதலாளியின் பிள்ளைகள் மனை போட்டு விற்றுவிட்டார்கள். பாய்லரைக் கேஸ் வைத்து அறுத்து லாரியில் ஏற்றினார்கள். போய்ப் பார்த்தேன். உள்பக்கம் நான் கொத்தின தழும்புகள் வெயிலில் தெரிந்தன. களம் இருந்த இடத்தில் மாடி வீடுகள். யார் வீட்டிலும் அந்த நாற்றம் இல்லை. நல்லதுதான்.

இன்று காலையில் டெஸ்ட் முடிந்த பாய்லரை மறுபடி மூட்டினார்கள். ஷிப்ட்டுக்குப் பெண்கள் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். வாசலில் கைரேகை வைக்கிற பெட்டி இருக்கிறது. வைத்தால் பச்சை விளக்கு எரியும், உள்ளே போகலாம். தாமதமானால் சிவப்பு, அரை நாள் கூலி போச்சு. காதில் ஒயர் மாட்டின பெண் ஒன்று முன்னால் வந்தது. என்னை அறியாமல் கையைக் குறுக்கே நீட்டிவிட்டேன்.

"இரும்மா."

காதிலிருந்து ஒயரை எடுத்தது. "இன்னா தாத்தா?"

நான் கூரையைப் பார்த்தேன். குழாய் நுனியில் அந்த டப்பா. ஆவி வருகிறதா, வெயிலா, தெரியவில்லை. காதைக் கொடுத்துக் கேட்டேன். பஸ் திரும்புகிற சத்தம்தான். அந்தப் பெண் நின்றது. என்னைப் பார்த்தது, பிறகு நான் பார்த்த பக்கம் பார்த்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஆனால் பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது.

"நவுருடி, செவப்பு வந்துடும்" என்று பின்னாலிருந்து ஒருத்தி இடித்தாள்.

அந்தப் பெண் விரலை வைத்தது. பச்சை. உள்ளே போய்விட்டது. ஒருத்திக்குப் பின்னால் ஒருத்தியாக எல்லாரும் போய்விட்டார்கள்.

கேட்டை மூடினேன். உட்கார்ந்தேன். எழுந்தேன்.